முதுகுவலிக்குள் ஒளிந்த புரதம்

உழைப்பாளிகளின் ஊரில் எலும்பு வலியை யாரும் சந்தேகிப்பதில்லை. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் பல மாதங்கள் மறைந்திருக்க அதுவே வழிவிடுகிறது. அதைப் பிடிக்கும் முதல் தடயங்களோ சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே கிடக்கின்றன!

தூத்துக்குடியில் முதுகுவலிக்குக் காரணம் தேட யாரும் மெனக்கெடுவதில்லை. காரணம் கண்ணெதிரே இருக்கிறது. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் லோடுமேன்கள், பழைய துறைமுகத்தில் தோணிக்கு மூட்டை சுமப்பவர்கள், முத்தையாபுரம் உப்பளங்களில் வெயிலில் குனிந்து உப்பு வாரும் பெண்கள், திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள், தருவைகுளத்தில் வலை இழுப்பவர்கள் என்று ஊரில் பாதிப் பேருக்கு முதுகுதான் மூலதனம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் "இடுப்பு விட்டுப் போகுது" என்றால் வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். மறுநாள் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி வருவார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். உழைத்த உடம்பின் வலிதான், ஓய்வில் தணிந்துவிடும்.

சிலருக்குத் தணிவதில்லை. படுத்தாலும் புரண்டாலும் வலிக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சத்துக்குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை வருகிறது. பிறகு ஒருநாள் வாளி தூக்கும்போது முதுகெலும்பு நொறுங்குகிறது, அல்லது சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போகிறது. அப்போதுதான் "மல்டிபிள் மைலோமா" என்ற பெயரைக் குடும்பம் முதன்முதலாகக் கேட்கிறது.

இது தூத்துக்குடியின் குறை மட்டுமல்ல. இங்கிலாந்தில் புற்றுநோயாளிகளிடம் நடத்திய கணக்கெடுப்பை வைத்து, 2012-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் முன் குடும்ப மருத்துவரிடம் மூன்று முறையோ அதற்கு மேலோ அலைந்தவர்கள் எந்தப் புற்றுநோயில் அதிகம் என்று அது பார்த்தது. பட்டியலில் முதலிடம் மைலோமாவுக்கு. அந்த நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் அப்படி அலைந்திருந்தார்கள். இலவச மருத்துவமும் குடும்ப மருத்துவரும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை. வலியை உழைப்பின் கூலியாக ஏற்றுக்கொண்ட கடற்கரையில் தாமதம் இன்னும் எளிதாக நேரும்.

மஜ்ஜைக்குள் என்ன நடக்கிறது?

உடம்புக்குள் நுழையும் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் செய்பவை பிளாஸ்மா செல்கள். வெள்ளணுக்களில் பி செல் என்ற வகை முதிர்ந்து பிளாஸ்மா செல்லாகிறது. எலும்பு மஜ்ஜைதான் அதன் முக்கிய இருப்பிடம். ஆரோக்கியமான மஜ்ஜையில் நூறு செல்களை எண்ணினால் ஐந்துக்கும் குறைவாகவே இவை இருக்கும். ஒவ்வொரு பிளாஸ்மா செல்லும் ஒரே வகை எதிர்ப்புப் புரதத்தை மட்டும் செய்யும். எண்ணற்ற செல்கள் எண்ணற்ற வகைகளைச் செய்வதால்தான் நமக்குப் பல நோய்களை எதிர்க்கும் பலம் கிடைக்கிறது.

அந்தச் செல்களில் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து பெருகத் தொடங்கினால் அதன் வாரிசுகள் அத்தனையும் ஒரே புரதத்தைக் கொட்டுகின்றன. அவை மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால் சிவப்பணு உற்பத்தி குறைந்து ரத்தசோகை வருகிறது. எலும்பைக் கரைக்கும் செல்களை அவை தூண்டிவிடுவதால் எலும்பில் ஓட்டை விழுகிறது. கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறி, தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று வெளிப்படுகிறது. எதிர்ப்புப் புரதத்தின் ஒரு துண்டான 'லைட் செயின்' சிறுநீரகக் குழாய்களில் கட்டியாகி அடைக்கிறது. கால்சியம், சிறுநீரகம், ரத்தசோகை, எலும்பு என்ற இந்த நான்கையும்தான் மருத்துவர்கள் முதலில் தேடுகிறார்கள். நல்ல எதிர்ப்புப் புரதங்கள் குறைந்துவிடுவதால் நிமோனியா அடிக்கடி வருவதும் ஓர் அறிகுறி.

எல்லாப் புற்றுநோய்களிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கும், ரத்தப் புற்றுநோய்களில் பத்தில் ஒரு பங்கும் மைலோமா. மேலை நாடுகளில் எழுபது வயதை ஒட்டி வரும் இந்த நோய், இந்திய மருத்துவமனைப் பதிவுகளில் ஐம்பதுகளின் நடுவிலேயே பலருக்குத் தெரியவருகிறது. நடிகை லிசா ரேவுக்கு இந்த நோய் இருப்பது 2009-லும், நடிகை கிரண் கேருக்கு இருப்பது 2021-லும் வெளியே தெரிந்தது. பிகாரின் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகி சாரதா சின்ஹா 2024 நவம்பரில் இதனால் இறந்தார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உப்பளமோ துறைமுகமோ கடலோ இந்த நோயைத் தருவதாக அர்த்தமில்லை. வந்த நோயை அடையாளம் தெரியாமல் மூடி மறைப்பதில்தான் இங்குள்ள வேலைக்குப் பங்கு இருக்கிறது.

1845: லண்டன் மளிகைக்காரரின் சிறுநீர்

ஆய்வகச் சோதனை ஒன்று புற்றுநோய்க்கு அடையாளம் காட்டிய முதல் கதை மைலோமாவுடையது. லண்டனில் தாமஸ் அலெக்சாண்டர் மெக்பீன் என்ற 45 வயது மளிகைக்காரருக்குத் தீராத எலும்பு வலி. வில்லியம் மக்கின்டயர், தாமஸ் வாட்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவரது சிறுநீர் விசித்திரமாக நடந்துகொண்டதை மக்கின்டயர் கவனித்தார். சூடாக்கினால் கலங்கியது. அமிலம் விட்டுக் கொதிக்க வைத்தால் தெளிந்தது. ஆற விட்டால் மறுபடி திரண்டது. 1845 நவம்பர் மாதத் தொடக்கத்தில் அது செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் வேதியியல் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸிடம் போனது. அதில் ஏராளமான அளவில் ஒரு புதுப் புரதம் வெளியேறுகிறது என்று அவர் கண்டார். எலும்பு மென்மையாகிப்போகும் இத்தகைய நோயாளிகளிடம் இதை மறுபடி தேடிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார். 1846 தொடங்கியபோது மெக்பீன் இறந்துவிட்டார்.

அந்தப் புரதத்துக்கு 'பென்ஸ் ஜோன்ஸ் புரதம்' என்று பெயர் நிலைத்தது. அது என்ன என்று புரிய நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1962-ல் ஜெரால்டு எடெல்மனும் ஜோசப் கேலியும் அது எதிர்ப்புப் புரதத்தின் லைட் செயின்தான் என்று நிரூபித்தார்கள். எதிர்ப்புப் புரதத்தின் அமைப்பைக் கண்டதற்காக எடெல்மனுக்கு 1972-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சீட்டில் கிடக்கும் தடயங்கள்

இன்றைக்கு எந்தச் சிறு ஆய்வகத்திலும் எடுக்கும் சோதனைகளிலேயே மைலோமா தடம் விட்டுச் செல்கிறது. ஹீமோகுளோபின் பலருக்கு 10-க்குக் கீழே இருக்கும். சிவப்பணுவின் அளவோ இயல்பாக இருக்கும்; இரும்புச்சத்துக் குறைவென்றால் அது சிறுத்திருக்க வேண்டும். ஈ.எஸ்.ஆர். பல நேரங்களில் நூறைத் தாண்டும். ஸ்லைடில் ரத்தத்தைத் தடவிச் சாயமேற்றிப் பார்க்கும் ஸ்மியர் சோதனையில், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வரிசையாக நிற்கும். புரதம் மிகுந்த ரத்தம் என்பதால் ஸ்லைடின் பின்னணியே நீலம் பாரித்திருக்கும். இதை முதலில் பார்ப்பவர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திராத லேப் டெக்னீஷியன்தான். அவர் எழுதும் ஒரு வரிக் குறிப்பு ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்றக்கூடும்.

அடுத்தது கல்லீரல் பரிசோதனைச் சீட்டு. அதில் மொத்தப் புரதம், ஆல்புமின் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது குளோபுலின். மொத்தப் புரதம் 10.5, ஆல்புமின் 3 என்று இருந்தால் குளோபுலின் 7.5, வழக்கமாக இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மஞ்சள் காமாலைக்காக எடுத்த சீட்டில் பிலிருபினை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தால் இந்த எண் கண்ணில் படாது. எலும்பு இத்தனை பாதிக்கப்பட்டும் அதே சீட்டில், எலும்பு கட்டப்படும்போது உயரும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் இயல்பாக இருப்பதும் கவனிக்க வேண்டியது. மைலோமா எலும்பைக் கரைக்கிறதே தவிரப் புது எலும்பு கட்ட விடுவதில்லை. எலும்புக்கான ஐசோடோப் ஸ்கேனிலும் பல நேரம் இது சிக்காமல் போவதற்குக் காரணம் அதுதான்.

இவற்றோடு கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும். கிரியேட்டினின் 2-ஐத் தாண்டுவதும், கால்சியம் 11-ஐத் தாண்டுவதும் மைலோமா உறுப்புகளைத் தொட்டுவிட்டதற்கு அடையாளமாக வரையறுக்கப்பட்ட எல்லைகள். இந்த எண்களைத் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு விளக்கம் சொல்லிவிடலாம். ஒரே மனிதரின் மேஜையில் சேர்த்து வைத்துப் படித்தால் சந்தேகம் வந்தே தீரும்.

அந்தச் சந்தேகத்தைத் திசைதிருப்பும் நோய்களும் நம் ஊரில் உண்டு. முதுகெலும்புக் காசநோயிலும் வலி, எடைக்குறைவு, உயர்ந்த ஈ.எஸ்.ஆர். எல்லாம் வரும். காசநோய் பெரும்பாலும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்கையும் சேர்த்து அரிக்கும். மைலோமா வழக்கமாக டிஸ்கைத் தொடாது. கம்ப்ரஸர் குழாயில் மூச்சு வாங்கிச் சங்கு குளிப்பவர்களுக்கு, அழுத்த மாற்றத்தால் தோள் எலும்பும் இடுப்பு எலும்பும் பழுதாவது தனி நோய். ரத்தச் சோதனை இல்லாமல் இவற்றைப் பிரித்தறிய முயல்வது ஆபத்து.

மின்சாரம் பிரித்துக் காட்டும் எம் பேண்ட்

சந்தேகம் வந்தபின் செய்ய வேண்டிய சோதனை 'சீரம் புரத எலக்ட்ரோஃபோரசிஸ்'. அதைப் புரிந்துகொள்ள இந்தக் கரையின் முத்துக்குளிப்பை நினைத்துப் பார்க்கலாம்; அரசு மேற்பார்வையில் நடந்த கடைசிக் குளிப்பு 1961-ல் முடிந்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வியாபாரிகள் வெவ்வேறு அளவில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளை வரிசையாக வைத்து முத்துகளை ரகம் பிரித்தார்கள். எலக்ட்ரோஃபோரசிஸும் அப்படி ஒரு ரகம் பிரிப்புதான். சல்லடையின் இடத்தில் மின்சாரம் இருக்கிறது. அளவுக்குப் பதில் புரதத்தின் மின்சுமை பார்க்கப்படுகிறது. ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸ் 1937-ல் உருவாக்கிய இந்த முறைக்கு 1948-ல் நோபல் பரிசு தரப்பட்டது.

ஜெல் படலத்தின் ஒரு முனையில் சீரத்தை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஆல்புமின் வெகுதூரம் ஓடி நிற்கும். ஆல்ஃபா, பீட்டா வகைகள் நடுவில் நிற்கும். எதிர்ப்புப் புரதங்கள் கடைசியில், காமா பகுதியில் தங்கும். சாயமேற்றி வரைபடமாக்கினால், ஆரோக்கியமானவருக்குக் காமா பகுதி அகலமான மேடாகத் தெரியும். காசநோய், நாள்பட்ட கல்லீரல் நோய் போன்றவற்றில் மேடு உயரும். ஆனால் அகலமாகவே இருக்கும். மைலோமாவில் அதே இடத்தில் ஒடுங்கிய, கூரிய ஒரே முனை எழும். ஒரே செல்லின் வாரிசுகள் செய்த ஒரே புரதம் ஒரே இடத்தில் குவிந்ததால் வந்த முனை அது. ஆய்வகத்தில் இதை 'எம் பேண்ட்' என்கிறார்கள்.

அந்த முனை எந்த வகைப் புரதம் என்று சொல்வது 'இம்யூனோஃபிக்சேஷன்'. ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஐ.ஜி.ஜி., ஐந்தில் ஒருவருக்கு ஐ.ஜி.ஏ. என்று முடிவு வரும். ஆறில் ஒருவர் அளவுக்கு லைட் செயினை மட்டும் சுரக்கும் நோய் இருக்கும். அவர்களுக்கு எம் பேண்ட் மிகச் சிறிதாகவோ கண்ணில் படாமலோ போகலாம். அவர்களுக்காகவே 2001-ல் அறிமுகமானது 'ஃப்ரீ லைட் செயின்' சோதனை. கப்பா, லாம்டா என்ற இருவகை லைட் செயின்களின் விகிதம் இயல்பாக 0.26 முதல் 1.65 வரை இருக்கும். ஒரு வகை மட்டும் பெருகினால் விகிதம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இந்த மூன்று சோதனைகளையும் சேர்த்துச் செய்தால் தப்புகிறவர்கள் மிகச் சிலரே.

ரத்தம் எடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். உறையவிட்டுப் பிரித்த சீரம்தான் இதற்குச் சரி. உறையாத பிளாஸ்மாவை வைத்தால், அதிலுள்ள ஃபைப்ரினோஜன் போலி பேண்டாகத் தெரியும். ரத்தம் சிதைந்திருந்தாலும் ஏமாற்றும்.

சிறுநீர்ப் பட்டை சொல்லாதது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை ஆல்புமினை நன்றாகக் காட்டும். லைட் செயினை அது காட்டாது. மெக்பீன் வெளியேற்றியதைப் போல ஏராளமான புரதம் வெளியேறினாலும் பட்டை "இல்லை" என்று சொல்லிவிடலாம். அதே சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டால் கலங்கும். பட்டையில் இல்லை, அமிலத்தில் இருக்கிறது என்ற முரணே ஒரு தடயம். காரணம் புரியாமல் கிரியேட்டினின் ஏறிய ஐம்பது வயதுக்காரருக்குப் பட்டைச் சோதனையோடு நிறுத்திக்கொள்வது சரியல்ல.

இங்கேதான் தூத்துக்குடிக்கான பெரிய எச்சரிக்கை இருக்கிறது. லைட் செயின் சிறுநீரகக் குழாயில் கட்டியாக இரண்டு விஷயங்கள் துணை செய்கின்றன. ஒன்று, உடம்பில் நீர் குறைவது. இன்னொன்று, டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள். உப்பளத்து வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் குறைவாகக் குடித்து, மாலையில் முதுகுக்கு மாத்திரை போடும் ஒருவருக்கு மைலோமா இருந்தால் இரண்டும் ஒரே நாளில் சேர்கின்றன. வலிக்குப் போட்ட மருந்தே சிறுநீரகத்தை முறித்துவிடும். மருத்துவர் எழுதாமல் வாரக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவதை நிறுத்துங்கள் என்று இந்தக் கரையில் வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

மஜ்ஜையும் 2014-ம்

எம் பேண்ட் கிடைத்தபின் மஜ்ஜையை எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மஜ்ஜைத் திரவமும் சிறு எலும்புத் துண்டும் எடுப்பார்கள். முதலில் உறிஞ்சும் சில சொட்டுகளே ஸ்லைடுக்குப் போக வேண்டும். பின்னால் வருவதில் ரத்தம் கலந்து எண்ணிக்கை குறைந்துபோகும். நியூக்ளியஸ் ஓரமாக ஒதுங்கி, அதன் பக்கத்தில் வெளிறிய இடம் தெரிந்தால் அது பிளாஸ்மா செல். நோய் மஜ்ஜையில் திட்டுத்திட்டாகப் பரவுவதால், திரவம், துண்டு இரண்டிலும் எண்ணி, எது அதிகமோ அதையே கணக்கில் எடுப்பார்கள். பத்து சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, முன்சொன்ன நான்கு பாதிப்புகளில் ஒன்றாவது இருந்தால் மைலோமா உறுதி. குரோமோசோம் மாற்றங்களைக் காட்டும் ஃபிஷ் சோதனையில் 17-வது குரோமோசோமின் ஒரு பகுதி காணாமல் போயிருந்தாலோ, 4-க்கும் 14-க்கும் இடையே இடமாற்றம் இருந்தாலோ நோய் வேகமானது என்று பொருள். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஆல்புமின் என்ற இரண்டு ரத்த எண்கள் நோயின் நிலையைச் சொல்லும்.

உறுப்பு கெடும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று 2014-ல் சர்வதேச மைலோமா பணிக்குழு விதியை மாற்றியது. மஜ்ஜையில் பிளாஸ்மா செல் 60 சதவீதத்தை எட்டினாலோ, ஃப்ரீ லைட் செயின் விகிதம் 100-ஐ எட்டினாலோ, எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுக்கு மேற்பட்ட புண்கள் தெரிந்தாலோ அப்போதே சிகிச்சை தொடங்கலாம். அந்த அறிக்கையின் முதல் ஆசிரியர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணிபுரியும் எஸ்.வின்சென்ட் ராஜ்குமார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர் அவர். புற்றுநோய் மருந்துகளின் கட்டுக்கடங்காத விலையைத் தொடர்ந்து கண்டிப்பவரும்கூட.

எம் பேண்ட் இருந்தாலே புற்றுநோய் என்று பயந்துவிடவும் கூடாது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு எந்தத் தொந்தரவும் தராத சிறிய எம் பேண்ட் இருப்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. அது மைலோமா போன்ற நோயாக மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவே. மருந்து வேண்டாம், அவ்வப்போது சோதித்தால் போதும். எல்லோரையும் சோதிப்பதால் பலன் உண்டா என்று ஐஸ்லாந்தில் 80,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து ஆய்வு நடக்கிறது. அதன் முடிவு வரும்வரை, அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை போதும்.

மருத்துவரிடம் எப்போது கேட்கலாம்?

• நாற்பத்தைந்து வயதுக்கு மேல், ஒரு மாதத்தைத் தாண்டிய முதுகு, விலா எலும்பு வலி. குறிப்பாகப் படுத்திருக்கும்போதும் விடாத வலி.

• வலியோடு ரத்தசோகை, காரணம் தெரியாத களைப்பு, எடைக்குறைவு.

• சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாமல் கிரியேட்டினின் ஏறுவது.

• சிறு அசைவில் எலும்பு முறிவு, உயரம் குறைவது.

• ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா.

• கால் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமை: தண்டுவடம் நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தூத்துக்குடிக்குத் தேவையானவை

இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. மிகப்பெரிய பயன் இருக்கிறது. ஒரு காலத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துபோன வாழ்க்கை இது. 1999-ல் தாலிடோமைடு மைலோமாவில் வேலை செய்வது தெரிந்தது. 2003-ல் போர்டிசோமிப் வந்தது. லெனலிடோமைடும், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே திருப்பிச் செலுத்தும் மாற்றுச் சிகிச்சையும் சேர்ந்து, இன்று பலர் பத்தாண்டுகளைக் கடக்கிறார்கள். முக்கிய மருந்துகள் பல இந்தியாவிலேயே தயாராகின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது. முழுக் குணம் அரிது. ஆனால் நொறுங்காத முதுகோடும் வேலை செய்யும் சிறுநீரகத்தோடும் சிகிச்சையைத் தொடங்கியவருக்குக் கிடைப்பது வேலைக்குத் திரும்பிப் போகும் வாழ்க்கை.

அதற்கு மூன்று விஷயங்கள் நடக்க வேண்டும். முதலாவது, குளோபுலின் அதிகமாக இருக்கும் சீட்டை ஆய்வகமே அடையாளம் காட்டி, எலக்ட்ரோஃபோரசிஸ் செய்யச் சொல்லிப் பரிந்துரை எழுதுவது. இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். கழித்தல் கணக்குப் போதும். இரண்டாவது, நோயாளியைப் பேருந்தில் அனுப்புவதற்கு முன் அவரது சீரத்தை அனுப்புவது. குளிரில் வைத்த சீரத்தில் புரதம் சில நாட்கள் கெடாது. திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ ஒரு சிறு குப்பி போய்ச் சேர்ந்தால் போதும்; தினக்கூலியை இழந்து ஒரு குடும்பம் அலைய வேண்டியதில்லை. 2000-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இயங்கும் மாவட்டத்துக்கு இந்த ஏற்பாடு எட்டாத உயரம் அல்ல. மூன்றாவது, துறைமுகத் தொழிலாளர்களுக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு நிறுத்தாமல், வலியோடு வருபவர்களுக்கு ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கால்சியம், மொத்தப் புரதம், ஆல்புமின் ஆகிய ஐந்தையும் பார்ப்பது.

முதுகெலும்பு நொறுங்கியபின் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கும், வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கும் ஆகும் செலவை இந்த ஐந்து எண்களின் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எதைச் செய்ய வேண்டும் என்பதில் அரசுக்கும் குழப்பம் இருக்க முடியாது, குடும்பத்துக்கும் இருக்க முடியாது. ஒரே முதுகுக்கு மூன்றாவது முறை வலி மாத்திரை எழுதப்படும் சீட்டில் அந்த ஐந்து சோதனைகளும் எழுதப்பட்டாக வேண்டும். எழுதப்படாவிட்டால், எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை சுமை தூக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.